உச்சிமாகாளியின் ரைட்

உச்சிமாகாளி "போலாம் ரைட்" என்றார், பஸ் கிளம்பிவிட்டது. எஞ்சின் ஓடவில்லை. பேட்டரி செத்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. சாவி டிரைவர் சேவியரின் சட்டைப்பையில் கிடந்தது. இறங்கித் தள்ளுவதா வேண்டாமா என்று ஆம்பளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கீரைக்காரி ராமாத்தாள் கூடையோடு ஓடிவந்து படியேற, இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் கண்டக்டர் உச்சிமாகாளியின் வாய் அதுபாட்டுக்குத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்ல, நாலாம் நம்பர் வண்டி சாத்தன்குறிச்சி ஸ்டாண்டை விட்டு நகர்ந்து, செங்கல்சூளை தாண்டி, பாலம் ஏறி இறங்கி, சத்தமே இல்லாமல் தென்காசி போய்ச் சேர்ந்தது. வழியில் பதினாலு நிறுத்தம். பதினாலிலும் நின்றது. பதினாலிலும் ரைட் சொன்னார், பதினாலிலும் கிளம்பியது. இறங்கும்போது ஒரே ஒருத்தர்தான் குறை சொன்னார்: ஹாரன் வேலை செய்யவில்லையாம்.

சேவியர் டீ குடிக்கும்போதுதான் கேட்டார்.

"ஏல மாகாளி, அப்ப நான் எதுக்கு?"

"வளைவு இருக்குல்லா."

"ரைட்டு," என்றார் சேவியர். பேச்சு முடிந்தது.

மற்ற கண்டக்டர்கள் விசில் ஊதுவார்கள். நிற்க ஒன்று, போக இரண்டு. உச்சிமாகாளியும் ஊதியவர்தான். விசில் சத்தம் காதுக்குள் வண்டு விட்ட மாதிரி இருக்கிறது என்று சேவியர் ஒருநாள் சொல்ல, அன்றைக்கே விசிலைக் கழற்றி வைத்துவிட்டு வாயால் சொல்ல ஆரம்பித்தார். ஆள் பெரிய பேச்சுக்காரர் இல்லை. அந்த ஒரு வார்த்தையைத்தான் ஆயிரம் தடவை, லட்சம் தடவை சொல்லியிருந்தார். சொல்லிச் சொல்லி அதற்கு உரமேறிவிட்டதோ என்னவோ. காரணம் கேட்டு நேரத்தைப் போக்க வேண்டாம். சாத்தன்குறிச்சியில் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் அந்த ரைட் பஸ்ஸை விட்டு வெளியேயும் சிந்த ஆரம்பித்தது. செங்கல்சூளை நிறுத்தத்தில் அவர் சொன்ன ரைட் ஜன்னல் வழியாகப் போய், பக்கத்து வயலில் மூன்று மாசமாக மூச்சில்லாமல் கிடந்த பம்புசெட்டின் மேல் பட்டு, தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. வயல்காரன் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாய்க்காலை வெட்டப் போனான். நாலாம் நாள் காலையில் பதினாலு நிறுத்தத்திலும் வரிசை நின்றது. ஆள் வரிசை இல்லை, முடங்கிப்போன சாமான் வரிசை. துருவேறி நின்ற தையல் மிஷின், மூடி திறக்காத ஊறுகாய் ஜாடி, சாவி தொலைந்த பீரோ, படுத்தால் எழுந்திருக்காத எருமை, ஒரு கூடை நிறைய முட்டையிடாத கோழிகள், வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்த பட்டா மனு ஒன்று, நாலு வருஷமாக ஒருத்தரோடு ஒருத்தர் பேசாத அண்ணன் தம்பி இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி, தும்மல் பாதியில் நின்றுபோன ஒரு பெரியவர் மூக்கை வானத்துக்குத் தூக்கியபடி, தீபாவளிக்கு வந்து சித்திரை பிறந்தும் கிளம்பாத ஒரு மருமகன் நாற்காலியோடு.

பஸ் வரும், நிற்கும், ஏறுவார்கள், இறங்குவார்கள். உச்சிமாகாளி படியை ஒரு பார்வை பார்த்து, தகரத்தில் ஒரு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்" என்பார். உடனே தையல் மிஷின் துணி இல்லாமலே தைக்கும், ஜாடி திறக்கும், பீரோ திறக்கும், எருமை எழுந்து வாலைச் சுழற்றும், கோழிகள் கூடை கொள்ளாமல் இட்டுத் தள்ளும், பட்டா மனு தாம்பாளத்திலிருந்து எழும்பித் தாலுகா ஆபீஸ் இருக்கிற திசையில் பறக்கும், பெரியவர் தும்முகிற தும்மலில் எதிர்க்கடைப் பந்தல் ஆடும், அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் வாய் திறந்து நாலு வருஷத்துப் பேச்சையும் சாயங்காலத்துக்குள் பேசி முடித்துவிட்டுப் புதிதாகச் சண்டை போடுவார்கள், மருமகன் "அப்ப நான் வாறேன் மாமா" என்று எழுந்து நாற்காலியையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிடுவார். "நாற்காலி, நாற்காலி!" என்று மாமனார் கத்துவார். அதற்குள் வண்டி போயிருக்கும்.

அளவு தெரியாமல் கொண்டுவந்தவர்களும் உண்டு. பஞ்சாயத்து ஆபீஸ் கடிகாரம் மூன்று வருஷமாக ஓடவில்லை. ரைட் காதில் விழுந்ததும் விட்டுப்போன மூன்று வருஷத்தையும் ஒரே மத்தியானத்தில் ஓடி முடித்தது. முள் சுற்றிய வேகத்தில் சுவர்க் காலண்டர் தாள் தாளாகக் கிழிந்து பறந்தது. தனக்கு வயசாகிவிட்டது என்று நினைத்த கிளார்க் பேனாவை மூடிவைத்துவிட்டு ஓய்வுபெற்று வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் கூட்டிவந்தார்கள்.

டீசல் ஏன் செலவாகவில்லை என்று டிப்போவிலிருந்து மெமோ வந்தது. சேவியர் பதில் எழுதினார்: "ஓட்டியது நான் இல்லை." மெமோ அதோடு நின்றது.

இங்கிலீஷ் வாத்தியார் கோமதிநாயகத்துக்குத்தான் பொறுக்கவில்லை. முப்பது வருஷமாக அந்த மொழியைக் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்தவர். அவர் எழுதிய எந்த வார்த்தைக்கும் ஒரு ஈகூட நகர்ந்ததில்லை. நோட்டும் பேனாவுமாக மூன்று நாள் நாலாம் நம்பரின் கடைசி சீட்டில் போய்வந்தார். ஒரு நாளைக்கு இருநூற்றுப் பதினோரு ரைட். துபாயில் தன் மச்சான் ஒட்டகம் வாங்கிவிட்டான் என்று சேவியர் சொன்னால் "ரைட்டு, ரைட்டு" – அதாவது, புளுகாதே. நாளையிலிருந்து ஷூ போட்டு வரணும் என்று செக்கிங் இன்ஸ்பெக்டர் சொன்னால் "ரைட் சார்" – அதாவது, நாளைக்கும் செருப்புதான். பக்கத்து ஊர் அரசியலை ஒருத்தர் பாலத்தில் ஆரம்பித்துப் பால்பண்ணை வரை இழுத்தால் "ரைட்" – அதாவது, போதும் எழுந்திரு. ஒரு கிழவர் இருமி இருமி இறங்கவேண்டிய ஊர்ப்பெயரைச் சொல்லி முடித்தால், அதே ரைட், ஆனால் மெதுவாக – அதாவது, கேட்டுக்கொண்டேன், மூச்சு வாங்குங்கள். வெள்ளைக்காரன் இதை ஒத்துக்கொள்வதற்கும் ஆமாம் போடுவதற்கும் வைத்திருந்தான், நம் ஆள் வாங்கிவந்து வீட்டு மாடு மாதிரி எல்லா வேலைக்கும் பூட்டிவிட்டான் என்று வாத்தியார் எழுதிக்கொண்டார்.

"இம்புட்டுல ஒண்ணே ஒண்ணுதான் வண்டிய நகத்துது. எதுன்னு கண்டுபிடிச்சிட்டேன்," என்று நோட்டை மூடினார்.

"படியப் பாத்துட்டுச் சொல்லுதது," என்றாள் ராமாத்தாள். "இதுக்கு எதுக்கு சார் நோட்டு?"

வீட்டு ரைட்டை வாத்தியார் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொன்றும் எழுதியிருப்பார்.

உச்சிமாகாளியின் வீடு கீழத்தெருவில். அந்தத் தெருவில் காக்கிச்சட்டை போட்ட முதல் ஆள் அவர்தான். வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை ஓடும், வேலை ஓடினால் வீடு ஓடும் என்பது அவர் கணக்கு. மேலத்தெரு ஆவுடையப்பன் என்றைக்காவது பஸ்ஸில் ஏறினால் "டிக்கெட் சார்" என்பார். அதே ஆவுடையப்பன் படியை விட்டு இறங்கியதும் "அய்யா" என்பார். நடுவில் இருப்பது அரை அடி உயரப் படி. அவ்வளவுதான்.

ஆவுடையப்பன் கோயில் தர்மகர்த்தா. கோயில் என்றால் நெடுங்கண்டநாதர் கோயில். அதன் தேர் ஒன்பது வருஷமாக இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

தேருக்கு வடம் திரிப்பது கீழத்தெரு. தேங்காய் நாரை ஊறவைத்து, தட்டி, உலர்த்தி, தெருவோடு தெருவாக நின்று திரித்து, ஆள் தொடைக் கனத்துக்கு நாலு வடம் கொண்டுபோய்க் கோயில் வாசலில் போடுவார்கள். போட்டதும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். தெளித்த பிறகு கீழத்தெரு அதைத் தொடக்கூடாது. மேலத்தெருவும் தெற்குத்தெருவும் இழுக்கும். கீழத்தெரு மூங்கில் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிடும். தேர் கீழத்தெரு முக்கு வரை வந்து திரும்பிப் போய்விடும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், "திரிச்சது நாங்க, ஒரு முழம் பிடிச்சுக்கிடுதோம்" என்று கேட்டார்கள். "அடுத்த வருஷம் பாப்போம்" என்றார் ஆவுடையப்பன். அந்த வருஷம் தேர் கிளம்பவில்லை. ஆயிரம் பேர் இழுத்தும் கிளம்பவில்லை. அடுத்த வருஷம் டிராக்டர் கட்டினார்கள். அதற்கடுத்த வருஷம் ஜேசிபி. அதற்கும் அடுத்த வருஷம் யானை வந்தது. யானை ஒரே ஒரு இழுப்பு இழுத்தது, திரும்பித் தேரைப் பார்த்தது, பாகனைப் பார்த்தது, உட்கார்ந்துவிட்டது. அச்சில் கோளாறு இல்லை, சக்கரத்தில் கோளாறு இல்லை என்று ஆசாரி கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். கோளாறு எதில் என்று ஊருக்கே தெரியும். வாய்விட்டு யாரும் சொல்லவில்லை.

உச்சிமாகாளியின் பெண்டாட்டி சுடலைவடிவு பத்து வயசிலிருந்து வடம் திரிக்கிறவள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று.

"ஏங்க, ஊருல உள்ள பீரோவுக்கெல்லாம் ரைட் சொல்லுதீங்க. எனக்கு ஒண்ணு சொல்ல வாய் வராதோ?"

"உனக்கு என்ன வேணும்?"

"தெரியாத மாரி கேக்காதீங்க. ஒரே ஒரு தடவ அந்த வடத்தப் பிடிச்சு இழுக்கணும். என் கை திரிச்ச கயிறு. தேர இழுக்கும்போது அது எப்படி விறைக்கும், எப்படித் துடிக்கும்னு இந்தக் கைக்குத் தெரியாண்டாமா?"

"ரைட்டு, பாப்போம்."

"பாப்போம்! ஆவுடையப்பன் அய்யா பேசுத மாரியே இருக்கு. காக்கிச்சட்டதான் வித்தியாசம்."

உச்சிமாகாளி சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனார்.

வைகாசிக் கடைசியில் ஒருநாள் ஆவுடையப்பன் காரை விட்டுவிட்டு நாலாம் நம்பரில் ஏறினார். முந்தின மாசம்வரை "ஏய் கண்டக்டர்" என்றவர், இப்போது சீட்டில் இடம் விட்டு உட்கார்ந்து, "கண்டக்டர் தம்பி" என்றார்.

"டிக்கெட் சார்."

"தென்காசி ஒண்ணு. தம்பி, ஆனித் திருவிழா வருது. நீரு வந்து ஒரு ரைட் சொன்னாப் போதும். தேர்கிட்ட வரணும்னுகூட இல்ல. தள்ளி நின்னே சொல்லலாம். மைக் வச்சுத் தாரோம்."

"வடத்துக்கு?"

"வடத்துக்கு ஆள் கெடக்கு தம்பி. உங்க ஆட்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று சிரித்தார். பிறகு குரலை இறக்கினார். "நம்ம மைத்துனன் மேலிடத்துல இருக்கான், தெரியும்லா. ஒரு போன் போட்டா உம்ம எங்க வேணும்னாலும் தூக்கிப் போடுவான். நல்ல எடத்துக்கும் போடுவான். வேற எடத்துக்கும் போடுவான்."

உச்சிமாகாளிக்கு இரண்டு பெண் பிள்ளைகள் தென்காசிக் கல்லூரியில். தெரியாத ஊர் டிப்போ ஒன்றில் தனியாகப் பாய் விரித்துப் படுத்திருக்கும் தன்னை ஒரு நிமிஷம் பார்த்தார். தென்காசி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"ரைட் சார்."

கடைசி சீட்டில் வாத்தியார் நோட்டைத் திறந்தார். இதை எந்தப் பொருளின் கீழ் எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு மூடிவிட்டார்.

செய்தி பஸ்ஸுக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. சுடலைவடிவு தட்டை எடுத்து வைத்தாள். சோறு போட்டாள். குழம்பில் உப்பு இல்லை. உச்சிமாகாளி தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

திருவிழா வந்தது. தேரைக் கழுவி, துணி சுற்றி, தோரணம் கட்டி, சாமியை ஏற்றி, நாலு வடத்தையும் தெரு நீளத்துக்கு நீட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மேலத்தெருவும் தெற்குத்தெருவும் ஆயிரத்துச் சொச்சம் பேர் ஆளுக்கு ஒரு பிடி பிடித்து நிற்க, மேளம் ஒரு பக்கம் வெடி ஒரு பக்கம், டீக்கடை பெஞ்சு ஒன்றைத் தேருக்கு இருபது அடி தள்ளிப் போட்டு அதன்மேல் உச்சிமாகாளியை ஏற்றி, கழுத்தில் ஒரு மாலையும் கையில் ஒரு மைக்கும் கொடுத்தார்கள். காக்கிச்சட்டையில்தான் வந்திருந்தார். லீவு நாளில் வேறு என்ன சட்டை போடுவது என்று அவருக்குத் தெரியாது. நல்ல நேரம் முடிய இருபது நிமிஷம் இருந்தது.

"சொல்லும் தம்பி," என்றார் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்ற ஆவுடையப்பன்.

சொல்லத்தான் வந்திருந்தார். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடவேண்டும் என்றுதான் இருந்தார். வாயைத் திறந்தார். திறந்ததும் இருபத்திரண்டு வருஷக் கண்கள் அதுபாட்டுக்குப் பின்னால் திரும்பிப் படியைத் தேடின. படி இருக்கிற இடத்தில் மூங்கில் தடுப்பு இருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் கீழத்தெரு நின்றது. முன்னால் சுடலைவடிவு. சேலையை இழுத்துச் செருகி, ஒரு காலைத் தூக்கிக் கீழ் மூங்கிலின்மேல் வைத்திருந்தாள். இன்னொரு கால் தரையில் இருந்தது.

ஒரு கால் மேலே, ஒரு கால் தரையில். அப்படி ஒரு பொம்பளை நிற்கும்போது எந்தக் கண்டக்டருக்கும் அந்த வார்த்தை வாயில் வராது. சொன்னால் ஆள் சக்கரத்தில் போய்விடும். வீரமெல்லாம் கிடையாது, பழக்கம்.

"சொல்லும்வே!"

"ஆள் நிக்கு சார்."

மைக் திறந்திருந்தது. ஊர் முழுக்கக் கேட்டது. படியில்லாத தரையில் அவர் "சார்" என்று சொன்னதும் கேட்டது.

"யாரு நிக்கா?"

"ஏறுத ஆளு."

"இது என்ன பஸ்ஸா வே? தேரு!"

"ரைட்டுதான் சார். ஆனா ஆள் நிக்கு."

ஆயிரம் பேர் சிரித்தார்கள். வெயில் ஏறியது. வடம் பிடித்த கைகள் வியர்த்தன. நேரமாச்சு, நேரமாச்சு என்று அர்ச்சகர் மேலேயிருந்து கத்தினார், ஆவுடையப்பன் காக்கிக் கால்சட்டையைப் பிடித்து இழுத்தார், மைக் கொய்யென்று அலறியது, மாலையிலிருந்து ஒரு எறும்பு இறங்கிக் கழுத்தில் கடித்தது. பொறுமைக்கு ஒரு அளவு உண்டு. உச்சிமாகாளிக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"உள்ள தள்ளி நில்லுங்கய்யா! முன்னாடி அம்புட்டு எடம் காலியாக் கெடக்கு, பின்னாடியே மொய்க்கீங்க! அண்ணாச்சி, பச்சத் துண்டு, உங்களத்தான், முன்ன போங்க! அக்கா, கூடைய எடுத்துட்டு நகருங்க! போங்க, போங்க, போய்க்கிட்டே இருங்க!"

சாத்தன்குறிச்சியில் நாலாம் நம்பரில் போகாத ஆள் கிடையாது. அந்தக் குரலுக்கு அந்த ஊர்க் கால்கள் மூளையைக் கேட்பதில்லை. ஆயிரத்துச் சொச்சம் பேரும் முனகினார்கள், முழங்கையை ஒடுக்கினார்கள், "அதான் போறோம்லா" என்றார்கள், பிடித்த பிடியை விட்டுவிட்டு முன்னால் நகர்ந்து நகர்ந்து நெருக்கி மறுபடி பிடித்துக்கொண்டார்கள். தேர்ச் சக்கரத்தை ஒட்டி நாலு வடத்திலும் இருநூறு பேருக்கு இடம் பிறந்தது. வடத்தின் நடுவில் நின்ற தெற்குத்தெரு ராமாத்தாள் திரும்பிப் பார்த்தாள். தடுப்பில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நிற்கிற பொம்பளையைப் பார்த்தாள். தினமும் காலையில் கத்துகிற கத்தையே கத்தினாள்.

"ஏட்டி, ஏறுதன்னா ஏறு, எறங்குதன்னா எறங்கு! படியில நின்னுக்கிட்டு உயிர வாங்காத! எங்களுக்கு நேரமாகுதுல்லா!"

சுடலைவடிவு ஏறினாள். மூங்கிலைத் தாண்டி, நாலு எட்டு நடந்து, குனிந்து வடத்தை எடுத்தாள். அவளுக்குப் பின்னால் கீழத்தெரு மொத்தமும் வரிசையாக, சொல்லப்போனால் வேறெந்த பஸ்ஸிலும் பார்த்திராத ஒழுங்கோடு ஏறியது.

உச்சிமாகாளி மறுபடி படியைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு ஆள் நிக்கு."

"யாருவே இன்னும்?"

"நீங்கதான் சார்."

ஆவுடையப்பன் வாயைத் திறப்பதற்குள் ஆயிரத்து இருநூறு பேர் ஒரே குரலில், "ஏறுங்க அய்யா, நேரமாகுது!" என்று கத்திவிட்டார்கள். அர்ச்சகரும் சேர்ந்து கத்தினார். நல்ல நேரம் முடிய ஒரு நிமிஷம். ஆவுடையப்பன் இடம் தேடினார். முன்னால் எள் விழ இடமில்லை. சக்கரத்துப் பக்கம் சுடலைவடிவுக்கு அடுத்து ஒரு முழம் காலியாக இருந்தது. பிடித்தார்.

"போலாம் ரைட்!"

தேர் எழுந்தது. படுத்திருந்த எருமை முன்னங்காலை ஊன்றி எழுந்திருக்கிற மாதிரி ஒரு பக்கம் எழுந்து, மறுபக்கம் எழுந்து, மணிகளை உதறிக்கொண்டு கிளம்பியது. ஒன்பது வருஷத்து அணில்களும் குருவிகளும் அதிலிருந்து கொத்துக் கொத்தாகப் பறந்தன. கல்லைப் போல் கனக்க வேண்டிய வடம் உயிருள்ள பாம்பு போல் துடித்தது, விறைத்தது, கைகளை இழுத்துக்கொண்டு ஓடியது. மேலத்தெரு தாண்டி, தெற்குத்தெரு தாண்டி, திரும்பவேண்டிய முக்கில் திரும்பாமல் கீழத்தெருவுக்குள் நுழைந்தது. தெரு எட்டடி அகலம், தேர் பதினாறடி. அதனால் என்ன, பஸ்ஸில் ஆள் கடந்துபோகும்போது முழங்காலை மடக்கிக்கொள்கிற மாதிரி இருபக்கத்து வீடுகளும் கூரையை ஒடுக்கிக் கதவை மடக்கி வழிவிட்டன. சாமி முதல் தடவையாக அந்தத் தெருவைப் பார்த்தார். அர்ச்சகர் பிடித்திருந்த குடை ஆடியது, அவ்வளவுதான்.

கீழத்தெருவை விட்டு வெளியே வரும்போதுதான் மேலத்தெருக்காரர்களுக்கு நடந்தது என்ன என்று உறைத்தது. உறைத்து என்ன செய்ய? வடத்தை விட்டால் கீழத்தெரு தனியாக இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் விடவில்லை. கீழத்தெருவோ இதற்காகவே காத்துக் கிடந்தது, எப்படி விடும்? அவன் விடட்டும் என்று இவனும், இவன் விடட்டும் என்று அவனும் இழுக்க, தேர் தன் இடத்தைத் தாண்டி இரண்டாம் சுற்றுப் போனது, மூன்றாம் சுற்றுப் போனது, நாலாம் சுற்றுப் போனது. கரண்டு இல்லாத வீடுகளில் மின்விசிறி சுற்றியது, நின்றுபோன கல்யாணப் பேச்சுகள் இழுக்கிற வடத்திலேயே பேசி முடிந்தன, வாத்தியாரின் நோட்டு பறந்துபோனது, அவர் அதைப் பிடிக்கப் போகாமல் வடத்தைப் பிடித்தார். மூன்றாம் சுற்றில் யாரோ சிரித்தார்கள். நாலாம் சுற்றில் எல்லாரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல், வயிறு வலிக்க, வேர்வையும் கண்ணீரும் ஒன்றாக ஓட, அவன் காலை இவன் மிதித்து, இவன் தோளில் அவன் சாய்ந்து சிரித்தார்கள். ஆவுடையப்பனின் வேட்டி நுனி சக்கரத்தில் மாட்டிக்கொள்ளப் பார்த்தது. சுடலைவடிவு ஒரு கையால் சுருட்டி அவர் இடுப்பில் செருகிவிட்டு மறுபடி இழுத்தாள். உச்சிமாகாளி மைக்கோடு கூடவே ஓடி ஓடி, "மேலத்தெரு முக்கு! தெற்குத்தெரு! கீழத்தெரு குழாயடி!" என்று நிறுத்தம் நிறுத்தமாகக் கத்திக்கொண்டு வந்தார்.

ஐந்தாம் சுற்றில் கீழத்தெருக் குழாயடிக்கு வந்தபோது மணி மூன்றாகிவிட்டது. சுடலைவடிவுக்கு நினைவு வந்தது.

"நிறுத்துங்க, எறங்கணும்! தண்ணி வர நேரம்!"

தேர் நின்றது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். அவள் வடத்தைக் கீழே வைத்துவிட்டுக் குடத்தை எடுக்க ஓடினாள்.

சாயங்காலம் தேரைத் திரும்பக் கொண்டுபோக ஒரு ரைட் சொல்லச் சொன்னார்கள். உச்சிமாகாளி சொன்னார். காற்றுதான் வந்தது, தொண்டை கட்டியிருந்தது. மூன்று நாள் கழித்துக் குரல் திரும்பியது, ஆனால் அது எல்லாருக்கும் இருக்கிற குரலாக இருந்தது. பஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டார்கள். சேவியர் சாவியை எடுத்துச் சட்டையில் துடைத்துப் போட்டு முறுக்கினார், எஞ்சின் உறுமியது, அவருக்கு அன்றைக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. நிறுத்தங்களில் வைத்த சாமான்களை அவரவர் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். டிப்போ மாற்றம் எதுவும் வரவில்லை. போன் போடுவதற்கு ஆவுடையப்பனுக்கு நேரமில்லை. அவர் கீழத்தெருவுக்கு நடந்துகொண்டிருந்தார்.

தேர் குழாயடியிலேயே நின்றது. தேர் நிற்கிற இடத்தில் தினம் விளக்கு வைக்க வேண்டும், அது முறை. வைக்க வேண்டியது தர்மகர்த்தா. திருவிழாவுக்கு மறுநாள் காலையிலேயே எண்ணெய்க் கிண்ணமும் திரியுமாக வந்தார். அடுத்த நாள் தண்ணீருக்கு இடம்பிடித்துக் குழாயடியில் இப்போதே குடங்கள் வரிசையில் இருந்தன. உச்சிமாகாளி வாசலில் நின்று சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். காற்றில் ஆவுடையப்பனின் தீக்குச்சிகள் ஒவ்வொன்றாக அணைந்து, பெட்டி காலியானது. அவர் சுற்றிலும் பார்த்தார். அந்தத் தெருவில் அவர் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

"தாயி, தீப்பெட்டி இருக்கா?"

சுடலைவடிவு எடுத்துவந்து கையில் கொடுத்தாள். அவர் குச்சியைக் கிழித்து இரண்டு உள்ளங்கையையும் குவித்து மறைத்தபோது பார்த்தாள். கை முழுக்கக் கொப்புளம். நார் அறுத்த கோடு ஒன்று சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரல் வரை ஓடியது.

"என்ன அய்யா, இப்படிக் கொப்பளிச்சுக் கெடக்கு?"

"பழக்கமில்ல."

"எனக்கும்தான்," என்று அவள் தன் கையை விரித்துக் காட்டினாள். "திரிச்சுப் பழக்கம், இழுத்துப் பழக்கமில்ல. வெளக்கெண்ண வச்சிருக்கேன். தடவுனா எரிச்சல் நிக்கும். செத்த இருங்க, எடுத்துட்டு வாரேன்."

"ரைட்டு," என்றார் ஆவுடையப்பன்.

அவள் உள்ளே போனாள். அவர் இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்தபடி குழாயடியில், வரிசையின் கடைசிக் குடத்துக்கு அடுத்து நின்றார். பின்னால் ஒருத்தி வந்து, அவருக்கு அடுத்ததாகத் தன் குடத்தை வைத்தாள்.